வெப்பம் போகும் வழி

நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, உதகமண்டலத்தில் 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் அது ஏறுகிறது, இறங்குகிறது. அதே மலையில் தார்ச்சாலையில் போகும் நம் காருக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. ஏறும்போது இன்ஜின் திணறுவது எல்லோர் காதிலும் விழும். இறக்கம் அப்படியில்லை. வண்டி தானாக உருள்கிறது, இன்ஜின் சத்தம் தணிகிறது, உள்ளே பாட்டு ஓடுகிறது. காரின் உறுப்புகள் மிகக் கடுமையாக உழைப்பது அந்த அமைதியான இறக்கத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறிய காரின் எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,877 மீட்டர் உயரம் இறங்கும்போது அது இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2.6 கோடி ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 88 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். மேலே இருந்த வண்டி கீழே வந்து நிற்கும்போது இந்த ஆற்றல் எங்கேயாவது போயிருக்க வேண்டும். கொஞ்சம் காற்றின் தடையிலும், கொஞ்சம் டயர் உருளுவதிலும் கரைகிறது. மீதி முழுக்க வெப்பமாகி, வண்டியின் ஏதோ ஓர் உறுப்பின் வழியாக வெளியேறியாக வேண்டும். எந்த உறுப்பின் வழியாக என்பது ஓட்டுபவரின் கையிலும் காலிலும் இருக்கிறது.

கார் பராமரிப்பு என்றால் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் நீண்ட பட்டியலைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதைப் பார்த்து மலைத்துப்போய், எல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வெப்பம் எங்கே உண்டாகிறது, எந்த வழியாகப் போகிறது, அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே, ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டிய இயந்திர அறிவில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

பிரேக்கிலிருந்து தொடங்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த 1,400 கிலோ காரை நிறுத்தும்போது சுமார் 3.5 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. முன்னால் இருக்கும் இரண்டு வார்ப்பிரும்பு டிஸ்க்குகளும் சேர்ந்து 10 கிலோ என்று கொண்டால், ஒரே ஒரு தடவை நிறுத்துவதிலேயே அவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 50 டிகிரி உயர்ந்துவிடும். சமவெளியில் இது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த பிரேக்குக்குள் காற்று பட்டு டிஸ்க் ஆறிவிடும். உதகையிலிருந்து இறங்குவதோ, இப்படி எழுபத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகப் போவதால் டிஸ்க்கின் மேல் படும் காற்றும் குறைவு. பிரேக் பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

சூடு ஏற ஏற, முதலில் தளர்வது பிரேக் பேட். பேடில் இருக்கும் உராய்வுப் பொருளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு வகைப் பிசின். அளவுக்கு மீறிச் சூடானால் அது சிதைந்து வாயுவாக வெளியேறத் தொடங்கும். மலைப்பாதையில் மூக்கில் ஏறும் அந்தக் கருகல் வாசனை இதுதான். அப்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும்; எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் சொன்னபடி நிற்காது. இதைவிடக் கொடியது அடுத்த கட்டம். டிஸ்க்கின் சூடு பேடைக் கடந்து, அதை அழுத்தும் பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். நம் கால் கொடுக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசெல்வது அதன் வேலை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. ஆனால் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகிவிட்டால், ஆவியைச் சுலபமாகச் சுருக்கிவிடலாம். காலின் அழுத்தம் முழுவதும் குமிழ்களைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் தரை வரை போகும். சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று மலை விபத்துகளில் பிழைத்தவர்கள் சொல்வதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். பிறகு வண்டியை ஆறவிட்டுப் பார்த்தால், ஆவி மீண்டும் திரவமாகி, பிரேக் நன்றாகவே வேலை செய்யும். அதனால் பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை என்று தோன்றிவிடுவதும் உண்டு.

இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. டாட் 4 என்று டப்பாவில் எழுதியிருக்கும் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது அதே விதி. டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை எவ்வளவு கீழே போகிறது பாருங்கள். நான்கு ஆண்டுகள் மாற்றாத பிரேக் ஆயில் ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் காட்டாது. மலை இறக்கத்தில், மிக மோசமான இடத்தில்தான் காட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்வதன் காரணம் இதுவே. காரில் செய்யும் எல்லா வேலைகளிலும் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும், செலவோடு ஒப்பிட்டால் மிக அதிகமாகப் பலன் தருவதும் இந்த ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரேக் ஆயில் டப்பா பானெட்டுக்குள், ஓட்டுநர் பக்கம் கண்ணில் படும்படி இருக்கும். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடக் கூடாது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்கும். ஆகவே அளவு குறைவது, பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் செய்தியாக இருக்கலாம். எங்காவது கசிவும் இருக்கலாம். ஹேண்ட்பிரேக் போட்டால் எரியும் சிவப்பு விளக்கே பல கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுவித்த பிறகும் அந்த விளக்கு மினுக்கினால், ஏதோ வயர் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம்.

இனி, வெப்பத்துக்கு வேறு வழி காட்டுவது எப்படி என்று பார்ப்போம். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் இன்ஜினை இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழி அப்போது மூடிக்கொள்வதால், பிஸ்டன்கள் வெற்றிடத்துக்கு எதிராக இழுபடுகின்றன, உராய்வும் சேர்ந்துகொள்கிறது. வண்டியின் வேகம் தடுக்கப்படுகிறது. இதில் உண்டாகும் வெப்பம் இன்ஜினுக்குள் உண்டாவதால் புகைபோக்கியும் ரேடியேட்டரும் அதை வெளியே அனுப்பிவிடும். டிஸ்க்குக்கு இல்லாத குளிரூட்டும் ஏற்பாடு இன்ஜினுக்கு இருக்கிறது. ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்ததில் முழு இயற்பியலும் அடங்கியிருக்கிறது. உதகையிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிகக் கடுமை. விபத்துகள் தொடர்ந்ததால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. சமவெளியில் பல ஆண்டுகள் நன்றாக ஓட்டியவர்கள்கூட அங்கே தவறுவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, கியரின் இந்த வேலையை யாரும் அவர்களுக்குச் சொல்லாததுதான்.

நியூட்ரலில் போட்டு இறக்கினால் எரிபொருள் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய வண்டிகளில் கணினி பார்த்துக்கொள்கிறது: கியரில் உருளும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், எரிபொருள் செலுத்துவதையே அது நிறுத்திவிடும், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் ஓட எரிபொருள் வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குபவர் மிச்சம் பிடிப்பதற்குப் பதில் கூடுதலாகச் செலவழிக்கிறார். இன்ஜின் தந்திருக்கக்கூடிய தடுப்பையும் இழக்கிறார். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் பயங்கரம். பிரேக் பெடலை லேசாக்கித் தரும் பூஸ்டர் பெரும்பாலான கார்களில் இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. இன்ஜின் நின்றபின் ஒன்றிரண்டு முறை மிதித்தால் அது தீர்ந்துவிடும். அதன்பிறகு பெடல் கல்லாக இருக்கும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் டி-யிலேயே போட்டு இறங்குகிறார்கள். எல் அல்லது 2 என்ற நிலையோ, கையால் கியரை மாற்றும் வசதியோ அதில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை மலை ஏறுவதற்கு முன்பே கண்டுவைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரக் கார்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வெப்பமாகப் போக வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை பேட்டரிக்குள் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்து, சுமை முழுக்கப் பிரேக்கின் மேல் வந்துவிடும். மலைமேல் விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்குவதைவிட, கொஞ்சம் இடம் விட்டு இறங்குவது நல்லது.

கருகல் வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துச் சூடான பிரேக்கை அழுத்தியபடியே வைக்காமல், வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்கு நல்ல கல்லாக வைப்பது சரியான முறை. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சூடான வார்ப்பிரும்பு கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் பொறுமையாக இருந்தால் போதும். ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால், விட்டுவிட்டு வேகமாக மிதித்துப் பார்ப்பது, கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது என்ற வரிசையில் போக வேண்டும். எதுவும் உதவாவிட்டால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்துவதே உயிர் காக்கும்.

ஏற்றத்துக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். அந்த அலுமினியத்தால் செய்த பிஸ்டனும் ஹெட்டும் உருகாமல் இருப்பதற்கு, அவற்றைச் சுற்றி நிற்காமல் ஓடும் திரவங்களே காரணம்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பனி உறையும் நாடுகளுக்குத்தான் கூலன்ட், நமக்குத் தண்ணீரே போதும் என்பார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவது, உலோகங்கள் அரிக்காமல் காப்பது ஆகிய இரண்டும் நமக்குத்தான் அதிகம் தேவை. போர் தண்ணீரை ஊற்றினால் அதிலிருக்கும் உப்புகள் இன்ஜினின் உட்சுவரில் படிந்து, வெப்பம் திரவத்துக்குப் போகும் வழியையே மறைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்டும், நல்ல நிலையில் இருக்கும் ரேடியேட்டர் மூடியும் சேர்ந்தால் கொதிநிலை 120 டிகிரிக்கு மேலே போகும். மூடி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதுதான். உதகை உயரத்தில் திறந்த பாத்திரத்திலுள்ள தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் வழக்கமாக ஓடும் வெப்பநிலையே 90 டிகிரியை ஒட்டியது. ரப்பர் தளர்ந்த மூடியும் வெறும் தண்ணீருமாக மலை ஏறுபவருக்கு மிச்சம் இருப்பது இந்த இரண்டு மூன்று டிகிரிதான்.

வெப்பமானியின் முள் ஏறினால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். ஏசி தன் வெப்பத்தை ரேடியேட்டருக்கு முன்னால்தான் கொட்டுகிறது. ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனைக் கூட்டினால், உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக்கொட்டும். இன்ஜினுக்கோ இன்னொரு சின்ன ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் வரை இது தாங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட கணத்தில் உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். கூலன்ட் முழுவதும் வடிந்து, வெப்பமானியின் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்க எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கட் போய்விடும். ஹீட் ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடச் சொல்லும் யோசனையையும் ஏற்க வேண்டாம். அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடி, எரிபொருளை வீணாக்கி, தேய்மானத்தையும் கூட்டிக்கொள்ளும். உண்மையான கோளாறும் அப்படியே உள்ளே இருக்கும்.

கூலன்ட் போக முடியாத இடங்களில், பிஸ்டனின் அடியிலும் கிராங்க் பேரிங்கிலும், வெப்பத்தை எடுத்துப்போவது இன்ஜின் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஆயில் கறுத்திருப்பது கோளாறு ஆகாது. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வதும் அதன் வேலைதான். மோர் மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கக்கூடும், உடனே காட்ட வேண்டும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அது அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்கிறது. அடுத்த பங்க் வரை என்றுகூட யோசிக்காமல் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

டயரின் வெப்பம் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இது நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் நடக்கிறது. ரப்பர் ஒவ்வொரு முறை வளையும்போதும் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தராமல் வெப்பமாக வைத்துக்கொள்ளும். காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் அதிகமாக வளைகிறது, அதிகமாகச் சூடாகிறது. உள்ளே ரப்பரையும் இழைகளையும் சேர்த்திருக்கும் பிடிப்பு அந்தச் சூட்டில் தளர்கிறது. சித்திரை வெயிலில் நான்கு வழிச்சாலையில் டயர் வெடித்தால், காற்று அதிகமாக அடித்ததுதான் காரணம் என்று ஊகித்து, அடுத்த முறை குறைவாக அடிக்கிறார்கள். வெடிப்பை அழைக்கும் வழி அதுவே.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பங்கில் காற்று பிடிப்பது. 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 37, 38 காட்டும். காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் கூடும், அவ்வளவுதான். காரைச் செய்தவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தே 33 என்று குறித்திருக்கிறார்கள். அதிகமாக இருக்கிறது என்று அப்போது இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் ஆறியதும் காற்று போதாமல் இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பியதும் பக்கத்துப் பங்கிலேயே பார்ப்பதுதான் சரி. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். முழு பாரத்துக்கு வேறு எண் இருக்கும். நைட்ரஜன் அடித்தாலும் இந்த விதி மாறாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேடுகளைத் தொட்டுவிட்டால் அது மொட்டை டயர்தான். மழையில் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ள முடியாமல் அதன் மேல் மிதக்கும். பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். 2619 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 26ஆவது வாரத்தில் செய்தது. பல நிறுவனங்கள் பத்து ஆண்டுகளைக் கடைசி வரம்பாகச் சொல்கின்றன. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். ஓடாவிட்டாலும் அது முதிர்கிறது, காற்றும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை காற்று பிடிக்கப் போகும்போது டிக்கியைத் திறந்து அதற்கும் பிடித்துக்கொண்டு, அந்த நான்கு எண்களையும் படித்துவிடுங்கள்.